புள்ளிவிபரவியலுக்குப் பயந்து உளவியலை விட வேண்டாம், தங்கச்சி

ஹட்டன் தோட்டத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, உளவியலில் புள்ளிவிபரம் புரியாமல் பாடத்தை மாத்தலாமா என்று கேட்டிருக்கிறீங்க. மாத்தாதீங்க. கலைப்பிரிவில் படிச்சு வந்த நிறையப் பேருக்கு வரும் பயம்தான் இது.

சூத்திரத்தை மூடி வைச்சிட்டு உங்க அம்மா கொழுந்து நிறுக்கிற இடத்தை நினைச்சுப் பாருங்க. ஒரு குழுவில் ஐந்து பேர் 17, 18, 18, 18, 19 கிலோ பறிக்கிறாங்க. இன்னொரு குழுவில் 10, 14, 18, 22, 26. இரண்டுக்கும் இடை, அதாவது சராசரி, 18தான். ஆனால் முதல் குழுவின் நியம விலகல் சுமார் 0.6, மற்றதுக்கு 5.7. ஆட்களுக்கிடையே எவ்வளவு வித்தியாசம் என்பதை அந்த எண் சொல்லுது. நினைவாற்றல் பரீட்சைப் புள்ளிகளுக்கும் இதே கணக்குத்தான். ஜெர்மன் உளவியலாளர் வுண்ட் 1879இல் லைப்சிக்கில் ஆய்வுகூடம் தொடங்கியதிலிருந்தே உளவியலில் அளவிடுதல் இருக்கு.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் ஒரு கொப்பி போடுங்க. எனக்கு அதுதான் கைகொடுத்தது. "பைத்தியத்துக்குப் படிக்கிறியா" என்று லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) கேட்டால் மனசு நோகும், தெரியும். நோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளராக இளங்கலை மட்டும் போதாது, பிறகு முதுநிலைப் பயிற்சியும் வேணும் என்பதை வீட்டில் இப்பவே சொல்லி வையுங்க.

எந்த அலகில் சிக்கல் என்று எழுதுங்க, சேர்ந்து பார்ப்போம்.