நெஞ்சு படபடக்கும் இரவுகள் – கடிதம்

வணக்கம் அக்கா,

எனக்கு 36 வயது. ஏழு மாதம் முன்பு என் அண்ணன் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருக்கு 44. அன்று காலை ‘நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, கேஸ்தான், ஒண்ணுமில்லை’ என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனவர். ஒரு மாதம் கழித்து எனக்கு ஆரம்பித்தது. இரவில் திடுக்கிட்டு எழுகிறேன். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. இடது பக்கம் சுருக்கென்று குத்துகிறது. மூச்சு முழுதாக உள்ளே போகாத மாதிரி இருக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. இதோ செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. இரண்டு முறை அவசரப் பிரிவுக்கு ஓடினோம். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ‘ஒன்றுமில்லை, டென்ஷன்தான்’ என்கிறார்கள். ஆனால் அண்ணனும் ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்? உங்களுக்கும் இப்படி இருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். இது இதயமா, பதற்றமா என்று அந்த நேரத்தில் நானே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுங்கள். பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது. ‘அண்ணனும் ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்’ என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. முடிச்சே அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அண்ணன் சொன்னது, எதையும் சோதித்துப் பார்க்காமல் சொன்ன ‘ஒன்றுமில்லை’. மருத்துவர் சொன்னது, இதயத்தின் மின்னோட்டத்தையும் அறைகளையும் வால்வுகளையும் பார்த்து, உங்களை ஓடவைத்தும் பார்த்துவிட்டுச் சொன்ன ‘ஒன்றுமில்லை’. ஒரே சொல்லாகக் காதில் விழுவதால் உங்கள் மனம் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டது.

அதே சமயம், மருத்துவர் சொன்ன அந்தச் சொல்லோடும் எனக்குச் சண்டை உண்டு. இரவில் சாவு பயத்தோடு எழுந்து உட்காரும் ஒருவருக்கு ஒன்றுமில்லாமல் எப்படி இருக்கும்? ‘இதயத்தில் கோளாறு தெரியவில்லை. உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக்காக, அதாவது திடீரென்று தாக்கும் கடும் பதற்றமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, இன்னாரைப் போய்ப் பாருங்கள்’ என்று சொன்னால்தான் அவர் வேலை முடிந்ததாக அர்த்தம். பதினோரு வருடம் முன்பு எனக்கு இது வந்தபோது, அந்த மீதிப் பாதியைச் சொல்ல ஒருவர் கிடைப்பதற்குள் ஒன்றரை வருடம் போய்விட்டது. அதற்குள் நான்கு முறை அவசரப் பிரிவுக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு முறையும் நார்மல் என்று எழுதிய தாளோடு, பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் போலக் கூனிக்குறுகி வீடு திரும்பினேன். நான் மருத்துவர் இல்லை. இந்த நோயோடு வாழ்ந்தவள், அதைப் பற்றி முடிந்தவரை படித்தவள். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் உடம்பில் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எனக்கு இது புரிந்த நாளிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி கிடைத்தது. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது. கூடவே நாம் அறியாமலே மூச்சை வேகமாக இழுத்து விட ஆரம்பிக்கிறோம். அப்படி மூச்சு விடும்போது ரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. அதனால் ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. நரம்புகளுக்குக் கிடைக்கும் கால்சியத்தின் அளவும் குறைகிறது. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவது இதனால்தான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கிறது. விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகள் ஓயாமல் இழுபடுவதால் நெஞ்சு குத்துகிறது. காற்று போதவில்லை என்று உங்களுக்குத் தோன்றும் அந்த நேரத்தில் நீங்கள் தேவைக்கு அதிகமாகவே காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே அந்த வலி நிஜம், மரத்துப்போவதும் நிஜம். கற்பனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடம்பு ஒரு தவறான தகவலுக்குச் சரியாக வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

இந்த அலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விடும். அப்புறம் தானாகவே இறங்கும். அரை மணி நேரத்தில் பெரும்பகுதி அடங்கி, அடித்துப் போட்டது போன்ற களைப்பு மிஞ்சும். தூக்கத்தில் இருந்து எழுப்புமா என்றால், எழுப்பும். தூங்கும்போது கவலைப்பட முடியாதே, அப்படியானால் இது இதயம்தான் என்று நானும் பல இரவு வாதாடியிருக்கிறேன். அந்த வாதம் எடுபடாது.

மாரடைப்பு வலியைப் பற்றி மருத்துவர்கள் சொல்வது வேறு விதமான வலி. நெஞ்சின் நடுவில் பாரம் ஏற்றிய மாதிரி, இறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கும். கையிலோ தாடையிலோ முதுகிலோ மேல் வயிற்றிலோ பரவும். குளிர்ந்த வியர்வையும் குமட்டலும் சேர்ந்து வரலாம். நடந்தால், படியேறினால் வந்து, நின்றால் சில நிமிடத்தில் அடங்கும் வலி என்றால் அது ரத்தக் குழாய் அடைப்பின் முன்னறிவிப்பாக இருக்கலாம். இதய வலி உள்ளவர்கள் இடத்தைக் காட்டும்போது பெரும்பாலும் உள்ளங்கையையோ மடக்கிய கையையோ நெஞ்சில் வைத்துக் காட்டுவார்கள். ஒற்றை விரலால் ‘இதோ இங்கே’ என்று சுட்டிக்காட்டும் வலி, அழுத்தினாலோ திரும்பிப் படுத்தாலோ மாறுகிற வலி, இதயத்தில் இருந்து வருவது குறைவு.

குறைவு என்றுதான் சொன்னேன். இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே பெரிதாக இல்லாமல், மூச்சுத் திணறலும் அசாத்தியக் களைப்புமாக மட்டும் மாரடைப்பு வரலாம். உங்கள் அண்ணனைப் போல அதை வாயு என்று நினைத்து நேரத்தை விட்டவர்கள் எத்தனையோ பேர். அவர் செய்தது முட்டாள்தனம் இல்லை தம்பி. நெஞ்செரிச்சலும் இதய வலியும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தெரிவது உண்டு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த நேரத்தில், அந்த பயத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, இது இதயமா பதற்றமா என்று உறுதியாகக் கண்டுபிடிக்க ஒரு வழியும் கிடையாது. மருத்துவராலேயே பார்வையை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அதனால்தான் ஈசிஜி எடுக்கிறார்கள், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்க்கிறார்கள், அது கூடுவதற்கு நேரம் ஆகும் என்பதால் சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்கிறார்கள். இத்தனை கருவிகளை வைத்துக்கொண்டு அவர்கள் செய்யும் வேலையை, இருட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு நாம் செய்ய நினைக்கிறோம். விடை கிடைக்காது. கிடைக்காததால் பயம் கூடும், இதயம் இன்னும் வேகமாக அடிக்கும், அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்போம். டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இல் பேனிக் பற்றிச் சொன்ன விளக்கம் ஏறக்குறைய இதுதான். உடம்பின் சாதாரண அசைவைப் பேரழிவாகப் புரிந்துகொள்வதே அடுத்த சுற்றைத் தொடங்கி வைக்கிறது.

ஆகவே எனக்கு உதவிய வேறொரு கேள்வியைத் தருகிறேன். ‘இது எனக்குத் தெரிந்ததா, புதியதா?’ என் மருத்துவரோடு பேசி முடிவு செய்த ஏற்பாடு இது. நீங்களும் உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இருபது முறை வந்து போன அதே படபடப்பு, அதே குத்தல், அதே மரத்துப்போதல் என்றால் உட்கார்ந்து காத்திருப்பேன். நெஞ்சில் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வேலை செய்யும்போது வரும் வலி, மயக்கம், இறங்கவே இறங்காத வலி, இப்படி எது புதிதாக வந்தாலும் ஆம்புலன்ஸ். அப்போது விவாதமே கிடையாது, நானே வண்டி ஓட்டிக்கொண்டு போவதும் கிடையாது. சந்தேகம் தீரவில்லையா, அப்போதும் போவது. வீண் அலைச்சலாகப் போனால் ஒரு ராத்திரித் தூக்கம்தான் நஷ்டம். அவசரப் பிரிவில் யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈசிஜி என்பது சில விநாடிகளின் படம்தான். படபடப்பு அடங்கிய பிறகு எடுத்த ஈசிஜி, படபடத்தபோது நடந்ததைச் சொல்லாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணியை ஆறு வருடம் பதற்ற நோயாளி என்றே சொல்லி வைத்திருந்தார்கள். கடைசியில் அவருக்கு இருந்தது எஸ்விடி, அதாவது இதயத்தின் மேல் பகுதியில் மின்னோட்டம் தவறான வட்டத்தில் சுற்றுவதால் வரும் அதிவேகத் துடிப்பு. தொடை வழியாகக் கம்பி போன்ற மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த இடத்தைச் சுட்டார்கள், நின்றுவிட்டது. இது அபூர்வக் கதை இல்லை. எஸ்விடி உள்ள 107 பேரைப் பற்றி 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், சுமார் மூன்றில் இரண்டு பங்கினரின் அறிகுறிகள் பேனிக் நோயின் வரையறைக்கும் அப்படியே பொருந்தின. பேனிக்கில் துடிப்பு ஏறி, மெல்ல இறங்கும். பெரும்பாலும் நிமிடத்துக்கு 140-க்கு மேல் போகாது. எஸ்விடி சுவிட்ச் போட்ட மாதிரி தொடங்கும், 150-க்கு மேலே, சிலருக்கு 200-ஐயும் தாண்டும், அணைத்த மாதிரி சட்டென்று நிற்கும். உங்களுக்கு எப்படி என்று யோசித்து வைத்துக்கொண்டு, ‘படபடக்கும்போது பதிவு செய்தீர்களா, ஹோல்டர் (உடம்பில் மாட்டிக்கொண்டு ஒரு நாளோ அதற்கு மேலோ துடிப்பைப் பதியும் சிறு கருவி) வைத்துப் பார்க்கலாமா, தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தாயிற்றா’ என்று ஒருமுறை கேளுங்கள். பதில் கிடைத்ததும் அந்தக் கதவை மூடிவிடுங்கள்.

அண்ணன் 55 வயதுக்கு முன்பே மாரடைப்பில் போனதால், குடும்ப வரலாறு என்ற வகையில் உங்களுக்கும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்றுதான் மருத்துவம் கணக்கிடும். இதைச் சொன்னால் இன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வராதோ என்று தயங்கினேன். ஆனால் மறைத்தால் நீங்களே தேடிப் படித்துக் கூடுதலாகப் பயப்படுவீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள். நாட்காட்டியில் குறித்த தேதியில் போங்கள், பயம் கூப்பிடும்போதெல்லாம் போகாதீர்கள்.

அப்புறம் பதற்றத்துக்கான சிகிச்சை. இதை இரண்டாம்பட்சமாக நினைக்காதீர்கள். சிபிடி என்னும் பேச்சுச் சிகிச்சை பேனிக்குக்கு நன்றாக வேலை செய்கிறது. அதில் ஒரு பகுதியாக, நாம் பயப்படும் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைக்கச் சொல்வார்கள். என்னைப் படியில் ஏறி இறங்க வைத்தார்கள், நாற்காலியில் சுற்ற வைத்தார்கள், வேகமாக மூச்சு விட வைத்தார்கள். முதல் நாள் அழுதேன். ஆறாவது வாரம் இதயம் வேகமாக அடிப்பது வெறும் இதயம் அடிப்பதாக மட்டும் இருந்தது. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரை தருவார். தினமும் சாப்பிடும் அந்த வகை மாத்திரைகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும், நடுவில் விட்டுவிட வேண்டாம். கையில் துடிப்பு காட்டும் கடிகாரம் கட்டியிருந்தால், மருத்துவர் கட்டச் சொல்லியிருந்தாலொழிய, இரவிலாவது கழற்றி வையுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம், உண்மையில் இதயக் கோளாறாக இருந்தால் அது கெடுதல். அலை வரும்போது மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடுங்கள், போதும்.

நீங்கள் பலவீனமானவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்து வந்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று படுத்தார்கள். ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். அதற்கு ‘சிப்பாயின் இதயம்’ என்றே பெயர் உண்டு. சாவைப் பக்கத்தில் பார்த்தவர்களின் நெஞ்சு அது. நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதம் முழுக்க அண்ணன் இறந்த அந்தக் காலை மட்டும்தான் இருக்கிறது. அவர் 44 வருடம் வாழ்ந்தவர். உங்களைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளியவரா, அடித்தவரா, அப்பாவிடம் மாட்டிக்கொள்ளாமல் காப்பாற்றியவரா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. அடுத்த கடிதத்தில் அவரைப் பற்றி எழுதுங்கள். நான் அதை வெளியிட மாட்டேன்.

அன்புடன்,
அக்கா