போக்காட்டின் தலையில் வைத்த கை

வாசகர் கேள்வி – பதில்

தவக்காலம் வந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பலியும் ரத்தமும் தவறாமல் இருக்கும். கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கடிதங்களிலிருந்து சில இங்கே. கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ. என்று எல்லாரும் கேட்டிருப்பதால் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்புச் சொற்கள் இரண்டும் கலந்துதான் வரும்.

ஞாயிறு பள்ளியில் லேவியராகமம் 16ஆம் அதிகாரம் நடத்தினேன். "ஜனங்களின் பாவத்தையெல்லாம் ஆட்டின் தலையில் வைத்து, அதை வெட்டிப் பலி கொடுத்தார்கள், இயேசுவும் அப்படித்தான்" என்றேன். ஒரு பையன், "டீச்சர், வெட்டின ஆடு வேற, பாவத்தைச் சுமந்த ஆடு வேற" என்கிறான். யார் சரி?
— ஆசிரியை, கடலூர் முதுநகர்

பையன்தான் சரி. அவனுக்கு ஒரு பரிசு வாங்கிக் கொடுங்கள். பிரசங்க பீடத்திலேயே அடிக்கடி நடக்கும் பிழை இது.

வரிசையைப் பாருங்கள். யூதக் காலண்டரின் ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பாவநிவிர்த்தி நாள். பிரதான ஆசாரியன் குளித்து, வழக்கமான அலங்கார உடுப்பை விட்டுவிட்டு எளிய சணல்நூல் உடுப்பு உடுத்துகிறான். அவனுக்காக ஒரு காளை, ஓர் ஆட்டுக்கடா. மக்களுக்காக இரண்டு வெள்ளாட்டுக்கடா, ஓர் ஆட்டுக்கடா. இரண்டு வெள்ளாட்டுக்கும் சீட்டுப் போடுகிறான்: ஒன்று கர்த்தருக்கு, மற்றது போக்காடு, அதாவது உயிரோடு அனுப்பிவிடப்படும் ஆடு. முதலில் தனக்காகக் காளையை அடித்து, தணல் நிறைந்த தூபகலசத்தோடும் இரண்டு கைப்பிடி தூபவர்க்கத்தோடும் உள்ளே போகிறான். புகை எழும்பிக் கிருபாசனத்தை (உடன்படிக்கைப் பெட்டியின் மூடியை) மூட வேண்டும். மூடாவிட்டால் அவன் சாவான் என்கிறது வசனம். பிறகு ரத்தத்தை விரலால் கிருபாசனத்தின்மேல் தெளித்து, அதற்கு முன்பாக ஏழு தரம் தெளிக்கிறான். அதன்பின் கர்த்தருக்கான வெள்ளாட்டை அடித்து, அதன் ரத்தத்தையும் அப்படியே.

இதுவரை யாருடைய பாவமும் எந்த ஆட்டின் தலையிலும் ஏறவில்லை. இந்த ரத்தம் எதற்கு? மக்களின் பாவத்தால் தீட்டுப்பட்ட பரிசுத்த ஸ்தலத்தையும் பலிபீடத்தையும் சுத்தம் செய்ய. 16, 19ஆம் வசனங்கள் அதை வெளிப்படையாகவே சொல்கின்றன. எல்லாம் முடிந்த பிறகுதான் உயிரோடிருக்கும் ஆட்டைக் கொண்டுவந்து, அதன் தலையில் இரண்டு கையையும் வைத்து, பாவங்களை வாய்விட்டு அறிக்கையிட்டு, ஓர் ஆள் கையில் கொடுத்து வனாந்தரத்துக்கு அனுப்புகிறான். அந்த ஆட்டைக் கொல்லச் சொல்லி லேவியராகமத்தில் ஒரு வரி கிடையாது. பிற்கால எருசலேமில் அதன் கொம்பில் சிவப்புக் கம்பளி நூல் கட்டி மலைச்சரிவிலிருந்து தள்ளிவிட்டார்கள் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. அது பிந்திய வழக்கம். ஊருக்குத் திரும்பி வந்துவிடக் கூடாதே என்ற பயமாக இருக்கலாம். வீட்டு ஆட்டுக்கு வழி தெரியும்.

"நாலாம் அதிகாரத்தில் சாதாரணப் பாவநிவாரண பலியின் தலையிலும் கை வைக்கிறார்களே?" என்று அடுத்த வாரம் அந்தப் பையன் கேட்பான். வைக்கிறார்கள், ஆனால் அங்கே பாவ அறிக்கை கிடையாது. அந்த இறைச்சியை ஆசாரியன் பரிசுத்த இடத்தில் சாப்பிட வேண்டும், அது "மகா பரிசுத்தமானது" என்று 6ஆம் அதிகாரம் சொல்கிறது. பாவம் அந்த ஆட்டுக்குள் இறங்கியிருந்தால் அதன் கறி எப்படி மகா பரிசுத்தமாகும்?

இயேசு எந்த ஆடு என்றால், எபிரெயர் நிருபம் அடிக்கப்பட்டதைத்தான் எடுக்கிறது: ரத்தம் உள்ளே போகிறது (9:12), உடல் பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கப்படுகிறது (13:11-12). போக்காட்டைப் பற்றி அந்த நிருபத்தில் பேச்சே இல்லை. ஏசாயா 53இல் வரும் "சுமத்தல்" போக்காட்டின் வேலையை ஒத்திருக்கிறது. ஆக ஒருவரே இரண்டு வேலையும் செய்தார் என்று நடத்துங்கள். இரண்டு ஆட்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். எகிப்திலிருந்து விடுதலையான இரவை நினைவுகூரும் பஸ்கா ஆட்டுக்குட்டி இந்த இரண்டிலும் சேராது. அது முதலாம் மாதம் பத்தாம் தேதி பிடித்து, பதினாலாம் தேதி சாயங்காலம் அடித்து, வீட்டார் சுட்டுச் சாப்பிடுவது. பாவநிவாரண பலியில் கொண்டுவந்தவனுக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது.

கத்தோலிக்கராகிய நாங்கள் "கழுவாய்" என்கிறோம். என்னோடு வேலை செய்யும் லுத்தரன் நண்பர் "கிருபாதார பலி" என்கிறார். இரண்டும் ஒன்றுதானா?
— வாசகர், வில்லியனூர்

1 யோவான் 2:2ஐப் பொறுத்தவரை ஒன்றுதான். ஆனால் ரோமர் 3:25இல் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. அங்கே பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ஹிலாஸ்தேரியோன். அதே சொல்தான் எபிரெயர் 9:5இலும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு எபிரெயரில் அதைக் "கிருபாசனம்" என்றும், ரோமரில் "கிருபாதாரபலி" என்றும் போட்டிருக்கிறது. கிருபாசனம் என்பது உடன்படிக்கைப் பெட்டியின் பொன் மூடி: நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை முழம். நம் கணக்கில் சுமார் 112 செ.மீ.க்கு 67 செ.மீ.; நாலு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசையைவிடச் சின்னது. பவுல் அந்த மூடியையே மனத்தில் வைத்து, "கடவுளும் மனிதரும் சந்திக்கும் இடம் இவரே" என்கிறார் என்று படிக்கவும் இடமுண்டு. "பலி" என்று சேர்த்ததால் தமிழ் வாசகருக்கு அந்த வழி தெரியாமல் போயிற்று.

"கழுவாய்" ஒன்றும் சபைக்காகச் செய்த புதுச்சொல் அல்ல. "வழுவாய் மருங்கின் கழுவாயும் உள" என்று புறநானூறு 34இல் இருக்கிறது. பெரும் பாவங்களுக்குக்கூடக் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவனுக்குத்தான் உய்வில்லை என்று போகும் பாட்டு அது.

தந்தை கோபப்படுகிறார், மகனை ரத்தம் சிந்தவைத்துச் சமாதானமாகிறார். இது நம்மூர்ச் சினிமாப் பண்ணையார் கதை மாதிரி இல்லையா?
— கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை

நீங்கள் சொன்னபடி சொன்னால் அப்படித்தான் இருக்கும். அப்படிச் சொல்வதுதான் பிசகு. புதிய ஏற்பாட்டில் "ஒப்புரவாக்குதல்" வரும் இடங்களை எடுத்துப் பாருங்கள் (ரோமர் 5:10, 2 கொரிந்தியர் 5:18-20). மனிதர்தான் கடவுளோடு ஒப்புரவாக்கப்படுகிறார்கள். கடவுளை மனிதரோடு ஒப்புரவாக்கியதாக ஓரிடத்திலும் இல்லை. பலியை ஏற்பாடு செய்கிறவரும் கடவுளே.

பண்ணையார் வாடை வந்ததற்கும் காரணம் உண்டு. ஆன்செல்ம் என்ற இறையியலாளர் 1098இல் எழுதி முடித்த விளக்கம், பிரபுவின் மானத்துக்கு நேர்ந்த இழுக்கை ஈடுகட்டும் அக்கால நிலப்பிரபுத்துவ வழக்கத்தின் சாயல் கொண்டது. ஆனால் அவர் சொன்னது "ஈடு, அல்லது தண்டனை": கிறிஸ்து ஈடு கொடுத்தார், ஆகவே தண்டனை இல்லை. 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்கள் காட்சியை நீதிமன்றத்துக்கு மாற்றினார்கள்: நமக்குரிய தண்டனையையே அவர் ஏற்றார். இந்த இரண்டையும் குழப்பி ஒரே மூச்சில் சொல்லும்போதுதான் உங்கள் பண்ணையார் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இவர்களுக்கு முந்திய சபைப் பிதாக்களிடம் ஓங்கி ஒலிப்பது மீட்பும் வெற்றியும்: சாவையும் சாத்தானையும் கிறிஸ்து தோற்கடித்தார். மீட்பின் விலை பிசாசுக்குக் கொடுக்கப்பட்டது என்று சிலர் சொல்லப்போக, நசியான்சு கிரகோரியார் 4ஆம் நூற்றாண்டிலேயே கடிந்துகொண்டார். திருடனுக்கா விலை கொடுப்பார்கள்? நிசேயா விசுவாச அறிக்கை "நமக்காக" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. எந்த விளக்கத்தையும் கட்டாயமாக்கவில்லை.

"இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது" என்கிறதே வேதம். அப்படியானால் ஆடு வாங்க வக்கில்லாத ஏழை என்ன செய்தான்?
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

ஏழைக்கு இரண்டு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு. அதற்கும் வழியில்லாதவன் எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு கொண்டுவரலாம் (லேவியராகமம் 5:11). ஏறக்குறைய 2 லிட்டர், நம் படிக்கு ஒன்றேகால் படி. எண்ணெயும் சாம்பிராணியும் போடக் கூடாது. ரத்தமே இல்லை, ஆனாலும் மன்னிக்கப்படும் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் காட்டும் எபிரெயர் 9:22ஐ முதலிலிருந்து படியுங்கள்: "நியாயப்பிரமாணத்தின்படி கொஞ்சங்குறையச் சகலமும்" என்றுதான் தொடங்குகிறது. அந்தக் கொஞ்சத்தில்தான் இந்த மாவு இருக்கிறது.

அப்பாவுக்காகப் பூசைக்குப் பணம் கட்டினேன். ஒரே பூசையில் 14 பேர் பெயரை வாசித்தார்கள். கல்வாரிப் பலி ஒரே தரம்தான் என்றால் இது எதற்கு? பணத்துக்கு மன்னிப்பா?
— வாசகி, அரியாங்குப்பம்

பூசையில், அதாவது திருப்பலியில், கிறிஸ்து மறுபடி பலியாவதில்லை. பலிப்பொருள் அதே, ஒப்புக்கொடுக்கும் விதம்தான் வேறு என்று திரிதெந்து என்ற கத்தோலிக்கத் திருச்சங்கம் 1562இல் சொன்னது. காணிக்கை பூசைக்கு விலையல்ல. வியாபாரத்தின் சாயல்கூட ஒட்டக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 947. பணமில்லாதவர் கருத்துக்காகவும் (வேண்டுதலுக்காகவும்) குரு பூசை செய்யலாம், செய்யும்படி பரிந்துரையே இருக்கிறது.

14 பெயர் விஷயம். தனித்தனியாகக் காணிக்கை வாங்கினால் தனித்தனிப் பூசை வைக்க வேண்டும் என்பது பொது விதி (948). பல கருத்துகளைச் சேர்த்து வைக்க 1991இல் ரோம் அனுமதி கொடுத்தது, ஆனால் நிபந்தனையோடு: கொடுத்தவர்களிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், குரு ஒரு காணிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே பணம் கட்டும்போதே "தனிப் பூசையா, கூட்டுக் கருத்தா?" என்று பங்கு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

பல வருஷங்களுக்கு முன் ஏலச்சீட்டு நடத்தி ஒருவருக்கு 40,000 ரூபாய் கொடுக்காமல் ஏமாற்றினேன். இப்போது மனந்திரும்பிவிட்டேன். "சிலுவையில் எல்லாம் தீர்ந்தது" என்கிறார்கள். இன்னும் கொடுக்க வேண்டுமா?
— பெயர் வேண்டாம், நெல்லிக்குப்பம்

கொடுக்க வேண்டும். லேவியராகமம் 6 உங்கள் வழக்கையேதான் பேசுகிறது: நம்பிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு இல்லையென்றவன். அவன் முதலைக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும். குற்றநிவாரண பலிக்கு ஆட்டுக்கடாவும் உண்டு. ஆனால் ஆடு மட்டும் போதாது. கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு இரட்டிப்பு (யாத்திராகமம் 22:4), தானாக வந்தவனுக்கு ஐந்தில் ஒன்று. உங்கள் கணக்கு 48,000. அந்த எட்டாயிரம் இன்று சட்டமல்ல, ஆனால் முதல் நாற்பதாயிரத்தில் பேரமில்லை.

அவர் இருந்தால் நேரில் கொடுத்து எழுதி வாங்குங்கள். மொத்தமாக முடியாவிட்டால் தவணைத் தேதியைச் சொல்லிக் கொடுங்கள். இறந்திருந்தால் வாரிசுகளுக்கு, ஒருவருக்கு மேல் இருந்தால் வாரிசுச் சான்றிதழைப் பார்த்துப் பிரியுங்கள், மூத்தவன் கையில் மொத்தமாகக் கொடுத்து இன்னொரு சண்டையைக் கிளப்பாதீர்கள். முகம் காட்ட முடியாதபடி சிக்கல் இருந்தால் நம்பகமான ஒருவர் மூலம் கொடுக்கலாம்; கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் வழி கேட்கலாம், அவர் வெளியே சொல்ல முடியாது.

பெரும்பாலோர் தவறுவது இங்கே: ஏமாந்தவருக்குக் கொடுக்க வெட்கப்பட்டு, அந்தத் தொகையைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். எண்ணாகமம் 5:8 படி, வாங்கிக்கொள்ள உறவினன் ஒருவனும் இல்லாவிட்டால்தான் அது ஆசாரியனுக்கு.

அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு ஆடு வெட்டி ஊருக்குச் சோறு போடுகிறோம். இது பலியா? தோல் யாருக்கு என்று வருஷா வருஷம் தகராறு வேறு.
— வாசகர், பண்ருட்டி

சோறு போடுவது தர்மம்; நன்றாகப் போடுங்கள். ரத்தத்தை வாசலில் தெளிப்பதும் நெற்றியில் வைப்பதும் வேண்டாம். ஒரே தரம் முடிந்த பலிக்கு மேல் இன்னொன்று தேவையில்லை என்பதுதான் எபிரெயர் 10ஆம் அதிகாரம் முழுக்க. தோலைப் பொறுத்தவரை, முழுவதும் எரிக்கப்படும் சர்வாங்க தகனபலியின் தோல் ஆசாரியனுக்கு என்று லேவியராகமம் 7:8 சொல்வது உண்மை. உங்களுடையது தகனபலி அல்ல, குழம்பு. விற்று அரிசிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.