அரங்கன் வாசலும் அரையர் பாட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்கம் சென்றும் நெரிசலில் பரமபத வாசலைக் கடக்க இயலாமல் திரும்பிவிட்டேன். அந்தப் பேற்றுக்கு இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டுமா? (சென்னை வாசகி)

பதில்: வேண்டியதில்லை. ஏகாதசி விடியலில் நம்பெருமாள் (உற்சவர்) இரத்தினாங்கி என்னும் இரத்தினக் கவசம் அணிந்து அவ்வாசல் வழியாக எழுந்தருளும் காட்சிக்குத்தான் அத்தனை கூட்டமும் திரள்கிறது. ஆனால் அன்று தொடங்கும் இராப்பத்து என்னும் பத்து நாள் விழாவின் பெரும்பாலான நாள்களிலும் வாசல் திறந்தே இருக்கும். நான்காம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ சென்றால் நெரிசல் குறைந்திருக்கும். முத்தங்கி என்னும் முத்துக் கவசம் அணிந்து பள்ளிகொண்டிருக்கும் மூலவரான பெரிய பெருமாளையும் சேவிக்கலாம். மேலும், அந்த ஒரு வாசலையே திருவிழாவாக எண்ணிக்கொள்வது, ஊர்வலத்தைப் பார்க்கச் சென்று தோரணத்தை மட்டும் பார்த்துத் திரும்புவதைப் போன்றது.

கேள்வி: அப்படியானால் திருவிழா என்பது எது? பகல்பத்து, இராப்பத்து என்று பிரிப்பதன் பொருள் என்ன? (மதுரை வாசகர்)

பதில்: கோயில் வழக்கில் இதன் பெயர் அத்யயன உற்சவம், அதாவது ஓதும் விழா. ஓதப்படுவது ஆழ்வார்களின் தமிழ். திருமங்கையாழ்வார் திருவரங்கனிடம், நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு வேதத்துக்கு நிகரான ஏற்றம் தரவேண்டும் என்று விண்ணப்பித்தார் என்றும், அதற்காகத் திருக்குருகூரிலிருந்து நம்மாழ்வாரின் திருமேனியை எழுந்தருளச் செய்தார் என்றும் வைணவ மரபு கூறுகிறது. இடையில் வழக்கொழிந்துபோன பாசுரங்களை மீட்டுத் தொகுத்தவர் காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த நாதமுனிகள். அவர் தம் மருமக்கள் இருவருக்கும் அவற்றை இசையோடு பயிற்றுவித்த வழியில் வந்தவர்களே அரையர்கள்.

முதல் நாளில் திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகம். அடுத்த பத்து நாள்களும் பகல்பத்து. நம்பெருமாள் அர்ச்சுன மண்டபத்தில் வீற்றிருந்து, நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் முதற்பகுதியான முதலாயிரம், திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழி முதலியவற்றைக் கேட்டருளுகிறார். பத்தாம் நாள் மோகினி அலங்காரம்; மறுநாள் ஏகாதசி. அன்று முதல் ஆயிரங்கால் மண்டபத்துத் திருமாமணி மண்டபத்தில், நாளுக்கு ஒரு பத்தாக (நூலின் பத்துப் பகுதிகளுள் ஒன்று) திருவாய்மொழியின் 1,102 பாசுரங்களும் ஓதப்படுகின்றன. பத்தாம் பத்து நிறைவுறும் நாளில் நம்மாழ்வார் மோட்சம் நடைபெறும். ஆழ்வாரின் திருமேனியை நம்பெருமாளின் திருவடியில் சேர்த்துத் திருத்துழாயால் (துளசியால்) மூடும் அந்தச் சில நிமிடங்களில், அதுவரை ஒலித்துக்கொண்டிருந்த பாட்டெல்லாம் எதை நோக்கிச் சென்றது என்பது விளங்கிவிடும். பின்னர் ஆழ்வாரைத் திரும்பத் தந்தருளுமாறு வேண்டிப் பெற்றுக்கொள்கிறார்கள். வைகுந்தம் சென்றவரை மண்ணுக்கே கேட்டு வாங்கும் இந்த உரிமைதான் எனக்கு இவ்விழாவில் மிகவும் பிடித்தது. மறுநாள் நாலாயிரத்தின் இன்னொரு பகுதியான இயற்பாவோடு விழா நிறைவுபெறும்.

அரையர் சேவையைத் தவறவிடாதீர்கள். கூம்பு வடிவக் குல்லாய் அணிந்து, கையில் தாளம் ஏந்தி, ஒரே பாசுரத்தை இசையாகப் பாடி, அபிநயமாகக் காட்டி, பின் உரையாகவும் விரித்துச் சொல்வார்கள். இயல், இசை, நாடகம் மூன்றும் ஒருவரிடமே ஒன்றுகூடும். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும்கூட இக்கலை உயிரோடு இருக்கிறது. முதல்முறை கேட்பவருக்கு எல்லாச் சொற்களும் பிடிபடமாட்டா. அன்றைய பாசுரங்களை முன்னதாக ஒருமுறை படித்துவிட்டுச் சென்றால் பாதி தொல்லை தீரும்.

கேள்வி: பெருமாள் கோயிலில் வழிப்பறியை நடித்துக் காட்டுவது முறையா? (கோவை வாசகர்)

பதில்: இராப்பத்தின் எட்டாம் நாளில் நடக்கும் வேடுபறியைக் கேட்கிறீர்கள். மணமகனாக வந்த பெருமாளைத் திருமங்கை மன்னன் கொள்ளையிட முயன்று, இறுதியில் ‘ஓம் நமோ நாராயணாய’ என்னும் எட்டெழுத்தை உபதேசமாகப் பெற்ற வரலாறு அது. கள்வனாக வந்தவர் ஆழ்வாரானதைக் கோயில் மறைக்கவில்லை; ஆண்டுதோறும் குதிரை வாகனத்தோடு கொண்டாடுகிறது. முறையா என்றால், முற்றிலும் முறையே.

கேள்வி: 2021ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் டிசம்பர் 14 அன்றும், பிற ஊர்களில் 2022 ஜனவரி 13 அன்றும் ஏகாதசி வந்தது ஏன்? பஞ்சாங்கப் பிழையா? (சேலம் வாசகி)

பதில்: பிழையன்று, ஏற்பாடு. அவ்வாண்டு மார்கழி வளர்பிறை ஏகாதசி அம்மாதத்தின் 29ஆம் தேதியில் அமைந்தது. அன்று இராப்பத்தைத் தொடங்கினால் அது தை மாதத்துக்குள் நீண்டு, புனர்பூசத்தை ஒட்டி வரும் தைத்தேர்த் திருநாளோடு மோதும். நம்பெருமாள் ஒரே நேரத்தில் இரண்டு உற்சவங்களுக்கு எழுந்தருள முடியாதல்லவா? ஆகவே இத்தகைய ஆண்டில் திருவரங்கத்தார் ஒரு மாதம் முன்னதாக, கார்த்திகை வளர்பிறை ஏகாதசியிலேயே விழாவை நடத்திவிடுகின்றனர். இது வைணவ ஆசாரியர் மணவாள மாமுனிகள் காலத்து ஏற்பாடு என்பர். 19 சூரிய ஆண்டுகளுக்கு ஒருமுறை திதிகள் ஏறத்தாழ அதே தேதிகளுக்குத் திரும்புவதால், இந்த நிலையும் ஏறக்குறைய அந்த இடைவெளியிலேயே வருகிறது. அந்த ஆண்டு திருவரங்கத்திலும் தம் ஊர்க் கோயிலிலுமாக இருமுறை வாசல் கடந்தவர்களும் உண்டு.