லாஃப்ட் தண்ணீர்த் தொட்டி: மேலே மூடுங்கள், அடியில் திணிக்காதீர்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில், 1930களில் கட்டிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். லாஃப்டில் பெரிய கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கிறது. மூடி கிடையாது, பழைய கார்ப்பெட் துண்டு ஒன்றை மேலே போட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் சின்னத் தொட்டி ஒன்றும் உண்டு. போன மாதம்தான் லாஃப்ட் தரை முழுக்கக் கண்ணாடிப் பஞ்சு விரித்தோம். குளிர் வருவதற்குள் தொட்டியை எப்படி மூடுவது? அடியிலும் பஞ்சைத் திணித்துவிடு என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: அடியில் திணிக்க வேண்டாம். திணித்தாகிவிட்டது என்றால் இன்றே எடுத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் லாஃப்ட் என்றால் அறைக்குள் சாமான் போடும் பரண். நீங்கள் சொல்லும் லாஃப்ட், கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள முழு இடம். அங்கே ஹீட்டர் எதுவும் இல்லை. இத்தனை வருடமும் அந்தத் தொட்டி உறையாமல் தப்பித்தது கீழ் அறைகளின் சூடு சீலிங் வழியாக மேலே கசிந்ததால்தான். இப்போது நீங்கள் பஞ்சு விரித்து அந்தச் சூட்டைக் கீழேயே நிறுத்திவிட்டீர்கள். வீட்டுக்கு அது நல்ல காரியம். ஆனால் லாஃப்ட் இனி ஏறக்குறைய வெளியே இருக்கும் குளிரிலேயே இருக்கும். அதனால் போன வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம் இந்த வருடம் செல்லாது.

பஞ்சு சூட்டை உண்டாக்குவதில்லை. இருக்கிற சூடு போகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். எனவே தொட்டிக்குச் சூடு வர ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் தொட்டிக்கு நேர் கீழே உள்ள சீலிங். அந்தச் சதுரத்தில் மட்டும் பஞ்சை எடுத்துவிட்டு, தொட்டியின் நான்கு பக்கத்துக்கும் மேலுக்கும் உறை போட்டு, உறையின் கீழ் விளிம்பைத் தரைப் பஞ்சோடு இடைவெளி இல்லாமல் சேர்த்துவிட்டால் கீழ் அறையின் சூடு தொட்டிக்கு அடியில் தேங்கி நிற்கும். இது எளிய ஏற்பாடு, ஆனால் தவறாகச் செய்யப்படுவதும் இதில்தான் அதிகம்.

ஒரு எச்சரிக்கை. அந்தச் சதுரத்துக்குக் கீழே குளியலறை இருந்தால், சீலிங்கில் குழாய் நுழையும் ஓட்டைகளைச் சீலண்ட் வைத்து அடையுங்கள். சூடு மட்டும் மேலே போகட்டும். நீராவி போனால் கூரை மரத்தில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வரும்.

தண்ணீர் அழுத்தம் கூடட்டும் என்று சில வீடுகளில் தொட்டியை மர ஸ்டாண்ட் கட்டி உயரத்தில் ஏற்றியிருப்பார்கள். அங்கே இந்தக் கணக்கு மாறும். ஸ்டாண்டின் நான்கு பக்கமும் தெர்மாகோல் பலகையால் தரைப் பஞ்சிலிருந்து தொட்டி வரை பாவாடை போல அடைத்து, உள்ளே சூட்டை ஏற விடலாம். அது முடியாது என்றால் தொட்டியின் அடிப்பலகைக்கும் சேர்த்து உறை போட வேண்டும். கூரைச் சரிவிலேயே பஞ்சு பதித்து லாஃப்டை அறையைப் போல வைத்திருப்பவர்களுக்கு உறைபனிப் பயம் குறைவு. அவர்களுக்கும் மூடி கட்டாயம் வேண்டும்.

குளிரைவிட மூடிதான் முதல் கவலையாக இருக்க வேண்டும். திறந்த தொட்டிக்குள் புறா, எலி, வௌவால், குளவி எது வேண்டுமானாலும் விழலாம். நீங்கள் புதிதாக விரித்த பஞ்சின் நாரும் விழும். கார்ப்பெட் துண்டு ஈரத்தை உறிஞ்சி, மட்கி, அதுவே தண்ணீருக்குள் உதிரும். ஹார்ட்போர்டும் சிப்போர்டும் அப்படித்தான்.

இந்தத் தண்ணீர் எந்தக் குழாய்க்குப் போகிறது என்று பார்த்துவிடுங்கள். சமையலறை சிங்க்குக்கு அடியில் உள்ள ஸ்டாப் காக்கை (வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வு) மூடுங்கள். குளிர்நீர்க் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறங்கள். சட்டென நின்றுபோகும் குழாய்க்குத் தெருவிலிருந்து நேராகத் தண்ணீர் வருகிறது. தொடர்ந்து ஓடும் குழாய்க்குத் தொட்டியிலிருந்து வருகிறது. பெரும்பாலும் சமையலறைக் குளிர்நீர் நேரடியாகவும், குளியலறைத் தண்ணீரும் வீட்டின் வெந்நீர் முழுவதும் தொட்டி வழியாகவும் வரும். பல் தேய்த்து வாய் கொப்பளிப்பது குளியலறையில்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர்க் குழாயில் பிடித்து டீ போடும் பழக்கம் யாருக்காவது இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

கடையில் 'பைலா 30 கிட்' என்று கேளுங்கள். 1986இன் மாதிரி நீர்த் துணைவிதிகளில் 30ஆவது விதியால் வந்த பெயர் அது. 1999 ஜூலை முதல் அதற்குப் பதிலாகப் புதிய நீர்ப் பொருத்து விதிமுறைகள் நடப்பில் இருந்தாலும் பிளம்பர்களிடமும் கடைகளிலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. விதி கேட்பது இதுதான்: மூடி விறைப்பாகவும் விளிம்போடு பொருந்தியும் நிலையாகவும் இருக்க வேண்டும், வெளிச்சமும் பூச்சியும் உள்ளே போகக் கூடாது, ஆனால் காற்றே புகாதபடி இறுக்கவும் கூடாது. தண்ணீர் இறங்கும்போது காற்று உள்ளே வர வேண்டும் அல்லவா? அதற்காக கிட்டில் வலை வைத்த காற்றுக் குமிழ் ஒன்று இருக்கும். அதோடு மூடி, வலை வைத்த ஓவர்ஃப்ளோ (மிஞ்சும் தண்ணீரை வெளியேற்றும் குழாய்) இணைப்பு, வென்ட் குழாய்க்கான ரப்பர் வளையம், உறை, கட்டும் கயிறு ஆகியவையும் வரும். வலையின் கண் 0.65 மி.மீ.; கொசு அளவுப் பூச்சியும் நுழையாது.

கிட் வாங்கும் முன் தொட்டியின் மேல் விளிம்பை வெளிப்பக்கமாக நீளம், அகலம் இரண்டும் அளங்கள். அடிப்பகுதியை அளந்து வாங்கினால் மூடி பொருந்தாது, ஏனென்றால் பிளாஸ்டிக் தொட்டிகள் கீழே குறுகலானவை. இந்த மாதிரி வீடுகளில் அதிகம் காண்பது 50 கேலன், அதாவது 227 லிட்டர் தொட்டி. தொட்டியில் நிறுவனப் பெயரும் மாடலும் அச்சாகியிருந்தால் அதற்கென்றே செய்த மூடியைத் தேடுங்கள்.

லாஃப்டில் ஏறும்போது நீண்ட கை சட்டை, கையுறை, தூசிக்கான முகமூடி வேண்டும். பஞ்சுக்கு அடியில் சீலிங்கைத் தாங்கும் கட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாது. இரண்டு மூன்று கட்டைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன் மேல்தான் நிற்க வேண்டும். பஞ்சின் மேல் கால் வைத்தால் சீலிங்கைப் பிய்த்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவீர்கள். தொட்டி பிளாஸ்டிக் இல்லாமல் சாம்பல் நிறச் சிமெண்ட் போலத் தெரிந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். துளைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.

மூடி போடும் முன் தொட்டியைக் கழுவிவிடுங்கள். பாய்லரையும், வெந்நீர் சிலிண்டருக்குள் இருக்கும் மின் ஹீட்டரான இம்மர்ஷன் ஹீட்டரையும் அணைத்து, ஸ்டாப் காக்கை மூடி, குளியல் தொட்டியின் குளிர்நீர்க் குழாயை மெதுவாகத் திறந்துவிடுங்கள். தண்ணீர் ஒரு சாண் இருக்கும்போதே குழாயை மூடிவிட வேண்டும். முழுக்க ஓட விட்டால் அடி வண்டல் குழாய்களுக்குள் இறங்கி, வால்வுகளை அடைக்கும். மீதியை மக்கால் அள்ளி, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். சோப்பு வேண்டாம். செத்த பறவையோ எலியோ கிடந்தால் கழுவுவது போதாது, கிருமி நீக்கவும் வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின், ஒரு மணி நேரம் என்பது வழக்கமான அளவு. குழந்தைப் பால் புட்டிகளுக்குப் பயன்படும் 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் என்றால் 227 லிட்டருக்கு ஏறக்குறைய 570 மில்லி. தொட்டி நிறைந்ததும் அதைக் கலந்து, தொட்டியிலிருந்து வரும் குழாய்களை வாசனை தெரியும் வரை திறந்து மூடி, ஒரு மணி நேரம் யாரும் தொடாமல் விட்டு, முழுக்க வடித்து, மறுபடி நிரப்பி வாசனை போகும் வரை ஓட விடுங்கள். வாசனைப் பொருள் சேர்த்த கெட்டி பிளீச் இதற்கு ஆகாது.

தொட்டி காலியாக இருக்கும்போதே ஓவர்ஃப்ளோவை மாற்றிவிடலாம். பல பழைய வீடுகளில் அது வெறும் குழாய். கூரை ஓரத்தில் வெளியே திறந்திருக்கும். ஜனவரிக் காற்று அந்தக் குழாய் வழியே நேராகத் தொட்டிக்குள் வீசும். தொட்டிக்குள் தண்ணீர் விடும் மிதவை வால்வான பால் வால்வு (ball valve) இருப்பதும் அங்கேதான் என்பதால் முதலில் உறைவது அந்த இடம். கிட்டில் உள்ள இணைப்புக்கு வலையும், தொட்டிக்குள் கீழ்நோக்கி வளைந்து தண்ணீருக்குள் முங்கி நிற்கும் சிறு குழாயும் இருக்கும். குழாயின் நுனி தண்ணீருக்குள் இருப்பதால் வெளிக்காற்று தொட்டிக்குள் வராது. மட்டம் ஏறினால் தண்ணீர் மட்டும் வெளியே போகும். தண்ணீர் மட்டம் ஓவர்ஃப்ளோவுக்கு 25 மி.மீ. கீழே நிற்கும்படி பால் வால்வைச் சரிசெய்யுங்கள். புதுத் துளை போட நேர்ந்தால் வட்ட ரம்பத்தால் போட்டு, பிசிறை அரத்தால் தேய்த்து, விழுந்த துகளை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். இரும்பைக் காய்ச்சித் துளை போட்டால் அந்த இடத்திலிருந்து விரிசல் ஓடும். பிளாஸ்டிக் தொட்டியில் எண்ணெய் கலந்த ஜாயிண்ட் பேஸ்ட் தடவவும் கூடாது, பிளாஸ்டிக்கை அரித்துவிடும். வாஷரும் தேவைப்பட்டால் டெஃப்லான் டேப்பும் போதும்.

அடுத்தது வென்ட் குழாய். தொட்டிக்கு மேலே கைப்பிடி போல வளைந்து நிற்கும் 22 மி.மீ. செம்புக் குழாய் அது. வெந்நீர் சிலிண்டர் மூச்சு விடும் வழி. மூடியில் துளை போட்டு, ரப்பர் வளையம் வைத்து, குழாய் நுனி தொட்டிக்குள்ளேயே, ஆனால் தண்ணீர் மட்டத்துக்கு நன்றாக மேலே நிற்கும்படி பொருத்துங்கள். மூடி இடிக்கிறதே என்று அதை அறுத்து அடைப்பதோ, மூடிக்கு வெளியே தள்ளிவிடுவதோ கூடவே கூடாது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருப்பதால் அழுத்திச் சொல்கிறோம். 2006இல் சாமர்செட் பகுதியின் டாண்டன் நகரில் இம்மர்ஷன் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் பழுதாகி, கொதிநீர் வென்ட் குழாய் வழியே லாஃப்டின் பிளாஸ்டிக் தொட்டிக்குள் கொட்டியது. தொட்டி இளகிச் சரிந்ததில் கீழ் அறையில் இருந்த குழந்தை இறந்தது. லாஃப்டில் ஆவி, சிலிண்டரிலிருந்து உறுமல், தொட்டித் தண்ணீர் சூடாக இருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் இம்மர்ஷன் ஸ்விட்சை உடனே அணைத்து, தொட்டிக்குக் கீழுள்ள அறையில் யாரும் இருக்காமல் எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். உங்கள் தெர்மோஸ்டாட் பழையது என்றால், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டித்து, தானாக மறுபடி இயங்காத கூடுதல் கட்-அவுட் உள்ளதாக இப்போதே மாற்றிவிடுங்கள்.

அடிப்பலகையையும் அதே சமயம் பார்த்துவிடுங்கள். 227 லிட்டர் தண்ணீர் மட்டுமே 227 கிலோ. பிளாஸ்டிக் தொட்டியின் அடி முழுவதும் பலகையில் படிந்து உட்கார வேண்டும். இரண்டு கட்டைகளின் மேல் மட்டும் நின்றால் நடுவில் தொய்யும். சிப்போர்டு ஈரம் பட்டால் உப்பி உதிரும். ஈரம் தாங்கும் 18 மி.மீ. பிளைவுட், தொட்டியை எல்லாப் பக்கமும் தாண்டி நிற்கும் அளவில் வேண்டும். பலகை இருந்தால் சூடு வராதே என்று அதில் பெரிய ஓட்டை போடாதீர்கள். மரத்தைத் தாண்டி வரும் சூடே போதும்.

மூடியைப் பொருத்தியபின் பால் வால்வின் கையை அழுத்திப் பாருங்கள். முழுக்க ஏறி இறங்கும்போது மூடியில் இடிக்கக் கூடாது. அதன் பிறகுதான் உறை. பக்கத்துக்கு 75 அல்லது 80 மி.மீ. தடிமன் உள்ள பஞ்சு உறையைக் கயிற்றால் நிற்கும் அளவுக்கு மட்டும் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் பஞ்சு நசுங்கி, உள்ளிருக்கும் காற்று போய், பாதிப் பயன் போய்விடும். உறை இடமில்லாத மூலையில் 50 மி.மீ. தெர்மாகோல் பலகையை வெட்டிச் சொருகலாம். மேல் உறை, மூடியின் காற்றுக் குமிழை மறைக்காமல் இருக்கட்டும். கோடையில் லாஃப்ட் கொதிக்கும்போதும் இதே உறை வேலை செய்யும். தொட்டித் தண்ணீர் 25 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது, நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகுவது 20 முதல் 45 டிகிரிக்குள்.

சின்னத் தொட்டி சென்ட்ரல் ஹீட்டிங்குக்கானது. அதற்கும் மூடியும் உறையும் வேண்டும். அதில் தண்ணீர் அடியில் கொஞ்சமே இருக்கும். சூடானால் பெருகி ஏற இடம் வேண்டும் என்பதால்தான் அப்படி. குறைகிறதே என்று மட்டத்தை உயர்த்தாதீர்கள்.

குழாய்களை விட்டுவிட்டால் இத்தனையும் வீண். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். குழாய் அப்போது வெடித்தாலும் பனி உருகும்போதுதான் ஒழுக்கு தெரியும். 2010 டிசம்பர்க் குளிருக்குப் பின் வட அயர்லாந்தில் பல்லாயிரம் வீடுகள் தண்ணீரின்றித் தவித்தது அப்படி உருகிய நாட்களில்தான். தரைப் பஞ்சுக்கு அடியில் போகும் குழாய்கள் பிழைத்துக்கொள்ளும். மேலே தெரியும் 15, 22 மி.மீ. குழாய்களுக்கு 25 மி.மீ. சுவர்த் தடிமன் உள்ள நுரைக் குழல் போடுங்கள், 13 மி.மீ. குழல் லாஃப்டுக்குப் போதாது. வளைவுகளில் சாய்வாக வெட்டிச் சேர்த்து டேப் சுற்றுங்கள். பால் வால்வுக்கு வரும் கடைசி ஒரு அடியை விட்டுவிடுவது வழக்கம், அதையும் சுற்றுங்கள்.

பால் வால்வு சொட்டினால் குளிருக்கு முன்பே மாற்றுங்கள். சொட்டுச் சொட்டாக ஓவர்ஃப்ளோவுக்குப் போகும் தண்ணீர் வெளி நுனியில் உறைந்து குழாயை அடைக்கும். அதன் பிறகு தொட்டி நிரம்பினால் தண்ணீர் வழிவது உங்கள் சீலிங்கில்.

டிசம்பரில் ஊருக்குப் போவதாக இருந்தால் ஹீட்டிங்கை முழுக்க அணைக்காமல் குறைந்த சூட்டில் ஓட விட்டு, லாஃப்ட் கதவைத் திறந்து வைத்துப் போங்கள். காப்பீட்டு ஒப்பந்தத்தில் காலி வீட்டுக்கான நிபந்தனையைப் படித்துவிடுங்கள். குறிப்பிட்ட வெப்பத்தில் வீட்டை வைக்கச் சொல்லியிருந்தால் அதன்படியே வையுங்கள். பல வாரம் என்றால் ஸ்டாப் காக்கை மூடித் தொட்டியை வடித்துவிடுவதே மேல்.

எல்லாம் செய்தும் ஒரு நாள் காலையில் தொட்டிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் பாய்லரையும் இம்மர்ஷனையும் முதலில் அணையுங்கள். வென்ட் குழாயும் உறைந்திருக்கலாம். ஸ்டாப் காக்கை மூடி, குழாயைத் திறந்து வைத்து, குழாய்ப் பக்கத்திலிருந்து தொட்டியை நோக்கி வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே போங்கள். நெருப்பு காட்டாதீர்கள்.