கினிகத்தேனை ஏற்றத்தில் தெரியும் காரின் குணம்

கேள்வி: அண்ணா, கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். கையில் இருக்கிற சேமிப்போடு மாமா தருகிற கடனையும் சேர்த்தால் ஒரு பழைய ஆல்டோ வாங்கலாம். கொழும்பில் 24 லட்சத்துக்கு எடுத்து ஹட்டனில் 26க்குத் தள்ளலாம் என்று ஒரு புரோக்கர் சொல்கிறார். இதையே தொழிலாகச் செய்யலாமா?
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: செய்யலாம் தம்பி. ஆனால் அந்த 2 லட்சத்தை இப்போதே லாபம் என்று எழுதி வைக்காதீர்கள். வாங்கும்போதும் விற்கும்போதும் புரோக்கருக்குக் கொடுக்க வேண்டும், நாலு டயரில் குறைந்தது ரெண்டு மொட்டையாக இருக்கும், பெட்டரி, டிங்கரிங், புகைச் சான்றிதழ், உரிமை மாற்றக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். மாமா வட்டி கேட்காவிட்டாலும், வண்டி ரெண்டு மாதம் வாசலில் நின்றால் அவர் முகம் மாறிவிடும். எல்லாம் போக 60, 70 ஆயிரம் மிஞ்சினால் அது நல்ல வியாபாரம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த அஞ்சு வருடத்தில் காரை வாங்கி ஓட்டு ஓட்டென்று ஓட்டி, வாங்கின விலைக்கு மேலே விற்றவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அது கெட்டித்தனம் இல்லை, புதுசு வராததால் பழசுக்கு வந்த மவுசு. உங்கள் புரோக்கர் இன்னும் அந்தக் கணக்கில்தான் பேசுகிறார் போல.

சரி, அப்போ லாபம் எங்கே? கொழும்பில் நன்றாக ஓடுகிற கார் எல்லாம் மலைக்கு நன்றாக ஏறாது, அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் இதில் காசு. நான் முதலில் வாங்கிய வெள்ளை நிசான் சன்னி கார், கொழும்பு–காலி ரோட்டில் வெண்ணெய் மாதிரி ஓடியது. கித்துல்கல தாண்டி ஏற்றம் பிடித்ததும் சூட்டு முள் மெல்ல மேலே போனது, கினிகத்தேனைக்கு நாலைந்து வளைவு இருக்கும்போது பொனட்டுக்குள்ளிருந்து ஆவி. ஆறவிட்டு ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் தேத்தண்ணி நிறத்தில் பசை! ஹெட் கேஸ்கட் போய் தண்ணீரும் ஒயிலும் கலந்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் வாளியில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "இந்த இடத்துல அடிக்கடி நிக்கிறாங்க தம்பி" என்றார், ஆறுதலாம். அந்த எஞ்சின் வேலையில் லாபம் மட்டுமா, முதலிலும் ஒரு துண்டு போனது.

அதனால் காலையில் போய் முதலில் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், குளிர்ந்த எஞ்சினில் தெரியும் குறையை மறைக்க, நீங்கள் வருமுன் யாரோ ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். அப்புறம் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மூன்றாம் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள், எஞ்சின் நின்றுபோக வேண்டும்; நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது, அந்தக் கார் ரம்பொடை ஏற்றம் ஏறாது. மீட்டரில் 40 ஆயிரம் கிலோமீட்டர், ஆனால் பெடல் ரப்பர் வழுவழு என்றால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் கதவின் அடி ஓரத்தில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தும் பாருங்கள், 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரும், பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கோட்டைத் துடைக்க மறந்திருப்பார்கள்.

பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பெனி பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் கைக்கு வராமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வேனை ஓபன் பேப்பரில் விற்றோம். இப்போது அது எங்கேயோ விபத்தாம், பொலிஸார் கணவரைத் தேடி வந்தார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: தங்கச்சி, வாங்கியவர் பெயரை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்ட படிவம் மூன்று வருடத்தில் எத்தனை கை மாறியதோ! பேப்பரில் இன்னும் உங்கள் கணவர்தான் சொந்தக்காரர். விற்றபோது எழுதிய ரசீது, வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதி, பணம் வந்த பேங்க் பதிவு, கிடைக்கிற எதையும் தேடி எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியோடு பொலிஸில் வாக்குமூலம் கொடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் விற்ற திகதியோடு பதிவுத் தபாலில் எழுதுங்கள், தபால் ரசீது பத்திரம்.

தலவாக்கலைத் தம்பியும் இதைப் படிக்கட்டும். பெயர் மாற்றுகிற செலவை மிச்சம் பிடிக்க வியாபாரிகள் ஓபன் பேப்பரிலேயே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள். நீங்கள் உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டே விற்றுப் பாருங்கள், ஹட்டனில் இரண்டாவது காருக்கு ஆள் தானாக வரும்.