மீன்பிடித் தடைக்காலத்தில் கொடுத்த கைமாத்தை மனஸ்தாபம் இல்லாமல் கேட்பது எப்படி?

பாம்பனில் உங்களோடு ஒரே விசைப்படகில் வேலை பார்ப்பவர், கொடுத்த கைமாத்தைக் கேட்டால் முகம் கொடுப்பதில்லை என்கிறீர்கள். அது திமிர் இல்லை, பெரும்பாலும் கூச்சம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது, கையில் காசு இருக்காது. அப்போது கேட்டால் பொய்தான் பதிலாக வரும், பொய் சொன்னவர் பிறகு ஒதுங்கியே போவார். தடை முடிந்ததும் மீன் விற்ற பணத்தில் அவருக்கு வரும் முதல் பங்கிலேயே கை வைக்காதீர்கள். டீசல், ஐஸ் செலவு கழித்து வருவதில் மளிகைக்கடை பாக்கிதான் முதலில் போகும். இரண்டு மூன்று தடவை கடலுக்குப் போய் வரட்டும். பங்கு பிரித்த அன்று சாயங்காலம், தனியாக, "மொத்தமா வேணாம்ணே, கடலுக்குப் போறப்பல்லாம் 500 குடுங்க" என்று கேளுங்கள். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நாலு பேர் முன்னால் கேட்டால் வீம்புக்கே இழுத்தடிப்பார். அவர் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லியனுப்புவது அதைவிட மோசம். அந்தம்மாவுக்கு இந்தக் கடனே தெரியாமல் இருக்கலாம்.