ஆறு முதலில், ஸ்பா பிறகு: ஜமைக்காவில் ஒரு பகல்

கேள்வி: ஏப்ரல் மாதம் மயாமியிலிருந்து கப்பலில் கரீபியன் சுற்றுலா போகிறோம். நான், கணவர், ஆறு வயது மகன், 67 வயது அம்மா. ஜமைக்காவின் ஃபால்மத் துறைமுகத்தில் காலை 8 மணி முதல் மாலை 4.30 வரை கப்பல் நிற்கும். அன்றைக்கு ஆற்றில் ராஃப்டிங், அப்புறம் ஒரு நல்ல ஸ்பா என்று ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறார், நீச்சல் தெரியாது, சைவம். ராஃப்டிங் அவருக்குச் சரிவருமா? இரண்டையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா? எதை முதலில் வைத்துக்கொள்வது?
ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: ராஃப்டிங் என்ற சொல்தான் உங்களைத் தயங்க வைக்கிறது என்று நினைக்கிறேன். ரப்பர் படகு, தலைக்கவசம், பாறையில் மோதித் தெறிக்கும் வெள்ளம் எல்லாம் உங்கள் கண்முன் வந்திருக்கும். கரீபியனில் அந்த வகை வேண்டுமென்றால் டொமினிகன் குடியரசின் ஹராபகோவா மலைப்பக்கம், யாக்கே டெல் நோர்த்தே ஆற்றுக்குப் போக வேண்டும். ஜமைக்காவில் ராஃப்டிங் என்றால் பெரும்பாலும் மூங்கில் தெப்பம்தான். ஏறத்தாழ முப்பது அடி நீளத்துக்கு மூங்கில்களைச் சேர்த்துக் கட்டி, பின்பக்கம் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஓர் இருக்கை வைத்திருப்பார்கள். முன்னால் ஒருவர் நின்றுகொண்டு நீண்ட கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார். அவரை அங்கே கேப்டன் என்றே அழைக்கிறார்கள். தண்ணீர் போகிற வேகத்தில் தெப்பமும் போகும், அவ்வளவுதான்.

உங்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பது மார்த்தா ப்ரே ஆறு. ஃபால்மத்திலிருந்து காரில் சுமார் இருபது நிமிடத்தில் தெப்பத்துறைக்குப் போய்விடலாம். அங்கிருந்து மூன்று மைல் தூரம் ஆற்றோடு இறங்குவீர்கள். ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே வரும் ஆறு என்பதால் மழை இல்லாத நாளில் தண்ணீர் பச்சை நிறமாகத் தெளிந்திருக்கும். இரண்டு கரையிலும் மரங்கள் வளைந்து நிழல் தருவதால் ஏப்ரல் வெயிலும் பல இடங்களில் தெரியாது.

வேறு ஆறுகளின் பெயரையும் தேடும்போது பார்த்திருப்பீர்கள். போர்ட் அன்டோனியோ பக்கத்து ரியோ கிராண்டேதான் இவற்றில் பழையது. முன்பு வாழைத்தார்களைக் கடற்கரைக்குக் கொண்டுவந்த தெப்பங்கள் அங்கே ஓடின. ஹாலிவுட் நடிகர் எரோல் ஃப்ளின் 1940களில் அங்கே குடியேறிய பிறகு அது உல்லாசப் பயணமாக மாறிப் புகழ்பெற்றது. எனக்கு மிகவும் பிடித்த ஆறு அதுதான். ஆனால் தீவின் கிழக்கு மூலையில் இருக்கிறது, பயணமே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகும். கப்பலில் வருகிறவர்களுக்கு ஒத்துவராது. வைட் ரிவர் ஓச்சோ ரியோஸில் இறங்குகிறவர்களுக்கு வசதி, லீதே கிராமத்து கிரேட் ரிவர் மான்டிகோ பேயில் தங்குகிறவர்களுக்கு வசதி. நீங்கள் ஃபால்மத்தில் இறங்குவதால் மார்த்தா ப்ரேயை விட்டு வேறெங்கும் போக வேண்டாம்.

இப்போது அம்மா விஷயம். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆற்றில் போவது அவருக்குச் சிரமமாக இருக்காது. ஏறுவதும் இறங்குவதும்தான் சிரமம். தெப்பம் தண்ணீரோடு ஒட்டி மிதக்கும், கரையோ சற்று மேலே இருக்கும். காலைக் கீழே இறக்கி, ஆடுகிற மூங்கில்மேல் வைத்து, உடம்பின் எடையை அந்தக் காலுக்கு மாற்ற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் தடுமாறுவது அந்த ஒரு நொடியில்தான். என் மாமியாரை அழைத்துப்போனபோது கேப்டன் செய்ததை அப்படியே சொல்கிறேன். கழியை ஆற்றுப்படுகையில் ஊன்றித் தெப்பத்தைக் கரையோடு அணைத்து நிறுத்தினார். வலி இல்லாத காலை முதலில் வைக்கச் சொன்னார், அதுவும் ஓரத்து மூங்கிலில் வைக்காமல் நட்டநடுவில். அத்தையின் ஒரு கை கேப்டன் தோளில், இன்னொரு கை என் கையில். இரண்டு காலும் தெப்பத்துக்கு வந்த பிறகு அவசரப்படாமல் ஒரு மூச்சு விட்டு, இருக்கையைப் பின்னங்காலால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மொத்தம் இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று பதற வேண்டாம்.

இருக்கை தாழ்வாக இருக்கும், காலை நீட்டித்தான் உட்கார வேண்டும். அதனால் ஒரு மணி நேரம் கழித்து எழும்போது முட்டி பிடித்துக்கொள்ளலாம். நடுவில் அவ்வப்போது கணுக்காலைச் சுழற்றி, முட்டியை மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள். மூங்கில் இடுக்குகளில் தண்ணீர் மேலே வரும், பாதம் நனைந்துகொண்டே இருக்கும். தோல் செருப்பு வேண்டாம். பின்பட்டை உள்ள ரப்பர் செருப்போ தண்ணீருக்கான ஷூவோ போதும். நீச்சல் தெரியாதவர் என்பதால் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள். ஆறு அமைதியாகத்தானே இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் கழற்ற வேண்டாம். மகனுக்கும் அப்படியே, அவன் அளவுக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று பட்டையை இழுத்துப் பாருங்கள். அம்மாவுடன் நீங்கள் ஒரு தெப்பம், மகனுடன் அப்பா ஒரு தெப்பம்.

எழுந்து நடக்கவே ஒருவர் துணை வேண்டும் என்ற நிலையில் அம்மா இருந்தால் மட்டும் வேண்டாம் என்பேன். படி ஏறி இறங்குகிறார் என்றால் தாராளமாகப் போகலாம்.

அடுத்தது, எது முதலில் என்ற கேள்வி. சந்தேகமே வேண்டாம், ஆறுதான் முதலில். காலையில் போனால் கூட்டமும் வெயிலும் குறைவு என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் தோல். ஸ்பாவில் உடம்பைத் தேய்த்து ஸ்க்ரப் செய்தால் மேல்தோல் மெலிந்துவிடும், அதன் பிறகு வெயிலில் போனால் சுள்ளென்று எரியும். மசாஜ் எண்ணெயோடு ஈர மூங்கிலில் கால் வைத்தால் வழுக்கும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. பயணத்துக்கு முன்தினம் பெடிக்யூர், வேக்ஸிங், ஷேவிங் எல்லாம் செய்துகொண்டு போவார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் இருக்கும். வெப்பமண்டல ஆற்றுநீரில், அதிலும் மழைக்குப் பிறகு, எலிக்காய்ச்சல் கிருமி இருக்க வாய்ப்புண்டு. அது உடம்புக்குள் போகும் முக்கிய வழிகளில் இப்படிப்பட்ட கீறலும் ஒன்று. அதனால் அழகு வேலைகளை ஆற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காலில் ஆறாத புண் யாருக்காவது இருந்தால் பாதம் நனையும் இந்தப் பயணமே அவருக்கு வேண்டாம்.

சில ஆறுகளில், முக்கியமாக கிரேட் ரிவர் பக்கம், சுண்ணாம்புக்கல் கால் மசாஜ் என்று ஒன்று தருவார்கள். மென்மையான வெள்ளைக் கல்லை நனைத்துக் குழைத்துக் கால்களில் பூசித் தேய்ப்பார்கள். காய்ந்ததும் கழுவினால் பாதம் மொழுமொழுவென்றிருக்கும். உங்கள் பயணத்திலும் கிடைத்தால் மகன் மிகவும் ரசிப்பான். யாருக்காவது சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் மட்டும் தவிர்க்க வேண்டும்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஜமைக்கா வருடம் முழுக்கக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. மயாமியிலும் டொராண்டோவிலும் மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். ஆகவே ஏப்ரலில் மயாமியில் 4 மணி என்றால் ஜமைக்காவில் 3 மணிதான். சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கு மாறும், சில மயாமி நேரத்தையே வைத்திருக்கும். உங்கள் போன் கரை இறங்கியதும் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். 3 மணிதானே என்று நீங்கள் நிதானமாக இருக்கும்போது கப்பல் ஏணியை எடுத்துக்கொண்டிருக்கலாம். கப்பலின் நேரத்தை ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள், நாள் முழுக்க அதை மட்டும் பாருங்கள்.

4.30க்குக் கிளம்பும் கப்பலில் எல்லோரும் 4 மணிக்குள் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 8 மணிக்குக் கப்பல் நின்றாலும் கரையில் கால் வைக்க 8.45 ஆகிவிடும். 9.30க்குத் தெப்பம் ஏறினால் 11 மணிக்கு முடியும். உடை மாற்றிக் கிளம்பி, மான்டிகோ பே போகும் வழியில் ரோஸ் ஹால் பக்கத்து ஹோட்டல் ஸ்பா ஒன்றுக்குப் போய்ச் சேர 12 ஆகும். கொஞ்சம் சாப்பிட்டு, 12.45 முதல் 1.45 வரை மசாஜ். 2.15க்குக் கிளம்பினால் 3 மணிக்குத் துறைமுகம். முடியும், ஆனால் நெருக்கடிதான். வழியில் ஒரு விபத்தோ சாலை வேலையோ இருந்தால் மசாஜில் கிடைத்த நிம்மதி எல்லாம் காரிலேயே போய்விடும். மேலும் பெரும்பாலான ஸ்பாக்களில் ஆறு வயதுப் பையனை உள்ளே விடமாட்டார்கள். யாராவது ஒருவர் அவனோடு வெளியே உட்கார வேண்டியிருக்கும்.

அதனால் என் யோசனை இது. கரையில் ஆற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாவைக் கப்பலிலேயே அன்று பிற்பகல் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் கரையில் நிற்கும் நாட்களில் எல்லோரும் வெளியே போய்விடுவதால் அங்கே ஸ்பா காலியாக இருக்கும், கட்டணத்தையும் பெரும்பாலும் குறைப்பார்கள். கப்பல் ஏறிய முதல் நாளே போய் அந்தத் தேதிக்குக் கேட்டு வையுங்கள். மகனைச் சிறுவர் கிளப்பில் விட்டுவிட்டு மூன்று பேரும் நிதானமாகப் போகலாம்.

இல்லை, நிலத்தில்தான் ஸ்பா வேண்டும் என்றால் முன்பதிவு செய்யும்போதே சில விஷயங்களைக் கேளுங்கள். வெளியாட்களை அனுமதிக்கிறார்களா, டே பாஸ் (ஒரு பகல் மட்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் அனுமதிச் சீட்டு) தனியாக வாங்க வேண்டுமா, சொல்லும் விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடங்குமா. ஜமைக்காவில் கனிம ஊற்றுகள் இருக்கின்றன என்று படித்துவிட்டு அங்கே போக நினைக்காதீர்கள். மில்க் ரிவர் பாத் தீவின் தென்பக்கம், பாத் ஃபவுன்டன் கிழக்கே செயின்ட் தாமஸில். இரண்டும் ஃபால்மத்திலிருந்து ஒரு பகலுக்குள் போய்த் திரும்பும் தூரத்தில் இல்லை.

எந்த ஸ்பாவாக இருந்தாலும் அம்மாவை ஸ்டீம், சாவ்னா, வெந்நீர்த் தொட்டி பக்கம் விட வேண்டாம். பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்தச் சூட்டில் ரத்த நாளங்கள் விரிந்து பிரஷர் சட்டென்று இறங்கும், எழுந்திருக்கும்போது தலை சுற்றும். முதுகு, தோள், கால் என்று மிதமான மசாஜ் போதும். மாத்திரை விவரத்தை அங்கே தரும் படிவத்தில் எழுதுங்கள். முட்டியை அழுத்த வேண்டாம் என்று வாயாலும் சொல்லுங்கள். காலையிலிருந்து வெயிலில் இருந்திருப்பார், தண்ணீர் நிறையக் குடித்த பிறகே படுக்கட்டும்.

சாப்பாட்டுக்கு அம்மா கஷ்டப்பட மாட்டார். ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தஃபாரி என்ற சமயத்தாரின் சமையலுக்கு ஐட்டல் என்று பெயர், பெரும்பாலும் இறைச்சி இல்லாதது. கேளலூ என்றால் நம் தண்டுக்கீரை வகைதான், வதக்கித் தருவார்கள். அதில் சில இடங்களில் உப்புக்கருவாடு சேர்ப்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாமி என்பது மரவள்ளிக்கிழங்கு அடை. மெனுவில் கறி, ரொட்டி என்ற சொற்களைப் பார்த்து அம்மா ஆச்சரியப்படுவார். 1845இலிருந்து இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் விட்டுச்சென்ற சுவை அது. அவரிடம் அந்தக் கதையையும் சொல்லுங்கள்.

போக்குவரத்துக்குக் கப்பல் கம்பெனியே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால் விலை கூடுதல், ஆனால் வண்டி தாமதமானாலும் உங்களை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். சொந்தமாகப் போனால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. அப்போது சிவப்பு நம்பர் பிளேட் உள்ள வண்டியை மட்டும் எடுங்கள், உரிமம் பெற்ற வாடகை வண்டிக்கு அதுதான் அடையாளம். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஏறும் முன்பே பேசி முடியுங்கள், அமெரிக்க டாலரிலா ஜமைக்கா டாலரிலா என்பதையும் கேளுங்கள். சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் அமெரிக்க டாலர் கையில் இருக்கட்டும். ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்று உங்களைத் தள்ளிக்கொண்டு வரும் கேப்டனுக்கு டிப்ஸ் தாராளமாகக் கொடுங்கள். அவர் கையால் செதுக்கிய கேலபாஷ் மரக்காய்க் குடுக்கையை நீட்டினால், பிடித்திருந்தால் வாங்குங்கள்.

ஏப்ரல் மழைக்காலம் இல்லை என்றாலும், முந்தைய இரவு மலையில் கனமழை பெய்திருந்தால் ஆறு கலங்கிப் பெருகும், அப்போது தெப்பத்தை நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று பதிவு செய்யும்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா சூறாவளி ஜமைக்காவின் மேற்குப் பகுதியைக் கடுமையாகத் தாக்கியது. ஆற்றங்கரை மரங்களும் படித்துறைகளும் பழைய படங்களில் பார்த்தது போலவே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிளம்பும் வாரத்தில் தெப்பத்துறைக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, இறங்கும் இடத்தில் கைப்பிடியோ படியோ இருக்கிறதா என்று கேளுங்கள். அம்மாவின் முட்டியைப் பற்றியும் அதே மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.